வெள்ளம் ஆற்றின் வேலைநாள்

தொண்டைமானாற்றில் கால் நனைத்துவிட்டுச் சந்நிதி முருகனைக் கும்பிட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். அரியாலைப் பக்கம் போனால் உப்பாறு. பெயரில் இரண்டும் ஆறுதான். ஆனால் இரண்டும் கடல் உள்ளே வந்து நிற்கிற கடனீரேரிகள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேட்டில் தொடங்கிப் பள்ளம் தேடி ஓடுகிற இயற்கையான ஆறு என்றால் வழுக்கையாறு ஒன்றே ஒன்று. அதுவும் மாரியில் மட்டும். கோடையில் அதன் படுக்கையில் மாடு மேயும்.

ஆற்றோடு சேர்ந்து வளராத ஊர் நம்முடையது. அதனாலோ என்னவோ, வெள்ளச் செய்தி வருகிற ஒவ்வொரு மாரியிலும் சில பேச்சுகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. "ஆறு ஊருக்குள் புகுந்துவிட்டது." "வளைவை எல்லாம் நேராக வெட்டிவிட்டால் தண்ணீர் பேசாமல் ஓடிவிடும்." "நூறு வருடத்துக்கு ஒருமுறை வருகிற வெள்ளம் வந்து போய்விட்டது, இனிப் பயமில்லை." "மணலை எவ்வளவு அள்ளினாலும் அடுத்த மாரிக்கு ஆறே கொண்டுவந்து போட்டுவிடும்."

நான்கும் கேட்கச் சரி போலத்தான் இருக்கும். நான்கும் பிழைப்பது ஒரே இடத்தில்: ஆறு என்றால் தண்ணீர் என்று நினைப்பதில். ஆற்றில் பாதிதான் தண்ணீர். மறுபாதி அது தூக்கிக்கொண்டு போகிற மண். இந்த மறுபாதியைக் கணக்கில் எடுத்தால் வெள்ளம், வளைவு, மணல்திட்டு, வயல் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தி விளங்கத் தொடங்கும். புவியியல் படிக்காதவர்களும் பிடித்துக்கொள்ளக் கூடிய விஷயம் இது. முற்றத்திலிருந்தே தொடங்கலாம்.

படலையடியில் ஒரு சின்ன ஆறு

நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் முற்றத்தில் இறங்கிப் பாருங்கள். கூரைப் பீலியிலிருந்து தண்ணீர் கொட்டிய இடத்தில் ஒரு குழி விழுந்திருக்கும். அங்கிருந்து மெல்லிய கோடுகள் புறப்பட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, படலையடியில் ஒரே வாய்க்காலாகியிருக்கும். படலைக்கு வெளியே ஒழுங்கை கொஞ்சம் சமதரை. அங்கே வந்ததும் தண்ணீர் அகலமாகப் பரவி, விசிறி விரித்த மாதிரி மண்ணைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். விசிறியின் பிடிப்பக்கம் பருமணல், விளிம்புப் பக்கம் மென்மணல், அதற்கும் அப்பால் வழுக்குகிற சேறு.

இந்த இருபது, முப்பது அடிக்குள் ஒரு பெரிய ஆறு செய்கிற மூன்று வேலைகளும் நடந்து முடிந்துவிட்டன. நிலத்திலிருந்து மண்ணைப் பெயர்ப்பது அரிப்பு. பெயர்த்ததைச் சுமந்து போவது காவுதல். வேகம் குறைந்த இடத்தில் இறக்கி வைப்பது படிதல். இப்படி ஆறு பெயர்த்துச் சுமந்து இறக்குகிற கல், மணல், சேறு எல்லாவற்றுக்கும் பொதுவாக அடையல் என்று பெயர். கட்டுரை முழுவதும் இந்தச் சொல்தான் வரப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. மலைநாட்டில் அரிப்பு, வழியெல்லாம் காவுதலும் படிதலும், கடலை நெருங்குகையில் வெருகல் ஆறு போலக் கிளை பிரிந்து பரவுதல். முற்றத்தில் ஒரு மணி நேரத்தில் நடந்ததுதான் அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் முற்றம் நம்மை ஏமாற்றிவிடும். அங்கே மண் ஒரே ஓட்டத்தில் படலையைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆற்றில் அப்படி இல்லை. மலையில் பெயர்ந்த ஒரு மணல் துணிக்கை நேரே கடலுக்குப் போவதில்லை. ஒரு வெள்ளத்தில் சில நூறு மீற்றர் உருண்டு ஒரு திட்டில் தங்கும். அடுத்த வெள்ளத்தில் கிளம்பி ஒரு வளைவின் உட்புறத்தில் ஒதுங்கும். கரை மீறிய தண்ணீரோடு வயலுக்குள் ஏறிவிட்டால் அங்கேயே சில நூறு ஆண்டுகள் இருந்துவிடவும் கூடும். பிறகு என்றைக்கோ ஆறு அந்தப் பக்கமாக நகர்ந்து வந்து கரையை அறுக்கும்போது மறுபடி பயணம். பஸ்ஸுக்குக் காத்திருந்து தரிப்பிடம் தரிப்பிடமாகப் போகிற பயணம் அது. வெள்ளம்தான் பஸ். மணல்திட்டு, கரை, ஆற்றோர வயல் என்று நாம் பெயர் சொல்கிற இடங்கள் எல்லாம் அடையல் அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் தரிப்பிடங்கள்.

எனக்கு ஆறு என்ற விஷயம் பிடிபட்டதே இந்த இடத்தில்தான். ஆற்றோர நிலம் அசையாத நிலம் இல்லை, மிக மெதுவாகப் பயணத்தில் இருக்கிற நிலம் என்று தெரிந்த பிறகு, ஏ9 வீதியில் வவுனியாவுக்குப் போகும்போது பாலங்களுக்குக் கீழே தெரிகிற வெறும் மணல் படுக்கையைக்கூட அப்படியே கடந்து போக முடியவில்லை.

அரிக்கஞ்சட்டி சொல்லித்தரும் கணக்கு

முன்பு நம் குசினிகளில் அரிக்கஞ்சட்டி இருக்கும். உள்பக்கம் வரி வரியாகக் கீறிய மண்சட்டி. அரிசியைத் தண்ணீரோடு அதில் இட்டு மெல்லச் சுழற்றிச் சரித்தால் அரிசி தண்ணீரோடு வெளியே வரும், கல் வரிகளுக்குள் தங்கிவிடும். கை வேகம் கூடினால் கல்லும் சேர்ந்து வந்துவிடும். குறைந்தால் அரிசியும் நகராது. அம்மம்மாமார் பேசிக்கொண்டே அரிப்பார்கள், வேகம் கையில் படிந்திருக்கும்.

ஆறு அடையலைத் தரம் பிரிப்பதும் அதே கணக்கில்தான். எந்த வேகத்தில் எந்த அளவு துணிக்கை நகரும் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வேகமாக ஓடும் நடு ஓடையில் கல்லும் பருமணலும் அடியோடு உருளும். சேறு தண்ணீரோடு கலந்து மிதந்தே போகும். வேகம் குறையக் குறையப் பாரமானது முதலில் இறங்கும், மென்மையானது கடைசியில். படலைக்கு வெளியே அந்த விசிறி ஏன் அப்படி வரிசையாகப் படிந்தது என்பதற்கும் இதுதான் காரணம்.

வேகத்தின் வலு நாம் நினைப்பதைவிட மிகப் பெரியது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய மிகப் பெரிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகிறது என்பது நீரியலில் நெடுநாளாக உள்ள கணக்கு. கோடையில் கணுக்காலளவு தெளிந்த தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்த ஓடை, மாரியில் பாறாங்கல்லை உருட்டிவிட்டுப் போவது இதனால்தான். வருடத்தின் பெரும்பாலான நாட்களில் ஆறு அடையலைப் பெரிதாக அசைப்பதே இல்லை. ஒரு வருடத்தில் அது காவுகிற மண்ணின் பெரும்பங்கு சில வெள்ள நாட்களுக்குள் காவப்பட்டுவிடும். மிச்ச நாட்கள் ஆற்றுக்கு ஓய்வு, வெள்ள நாள் வேலைநாள்.

சின்னது எல்லாம் சுலபமாகப் பெயரும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். களிமண் துணிக்கை மணலைவிடப் பன்மடங்கு சிறியது. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் இறுகிய களிமண் கரையை அரிக்க, தளர்ந்த மணல் கரையை அரிப்பதைவிட அதிக வேகம் வேண்டும். ஒருமுறை பெயர்ந்துவிட்டாலோ களி இலேசில் படியாது. ஆற்று முகத்துவாரத்திலிருந்து வெகுதூரம் வரை கடல் கலங்கித் தெரிவது அதனால்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஆறு அடையலை அரிக்கிறது, காவுகிறது, படியவைக்கிறது. எதை எங்கே என்பதை வேகம் தீர்மானிக்கிறது. வேகம் கூடுவது வெள்ளத்தில்.

ஆறு ஏன் வளைகிறது?

ஒரு கண்ணாடிக் கிளாசில் தேயிலைத் தூளோடு வெறுந்தேத்தண்ணீர் எடுத்துக் கரண்டியால் வட்டமாகக் கலக்கிவிட்டு விடுங்கள். சுழல்கிற எதுவும் வெளிப்பக்கம் தள்ளப்பட வேண்டும் அல்லவா? தூள் கிளாசின் ஓரத்தில்தான் ஒதுங்க வேண்டும். ஆனால் சுழற்சி அடங்கும்போது பார்த்தால் தூள் எல்லாம் அடியில் நடுவிலே குவிந்திருக்கும்.

இதை ஆற்றின் வளைவோடு சேர்த்து 1926இல் விளக்கியவர் அல்பேர்ட் ஐன்ஸ்டீன். மேலே உள்ள தண்ணீர் வேகமாகச் சுழல்வதால் வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. அடியில் உள்ள தண்ணீரைக் கிளாசின் தரை உரசிப் பிடிக்கிறது, அதனால் அதன் வேகம் குறைவு. வெளிப்பக்கம் ஒதுங்கிய தண்ணீர் ஓரத்தால் கீழே இறங்கி, அடியால் நடுவை நோக்கி வருகிறது. வரும்போது தூளையும் இழுத்து வருகிறது.

இனி அந்தக் கிளாசை ஆற்றின் வளைவாக நினையுங்கள். வளைவின் வெளிக்கரையில் வேகமான மேல்நீர் மோதிக் கீழே இறங்குகிறது. கரையின் அடி அரிபட்டு மேற்பகுதி சரிந்து விழுகிறது. அடிநீர் மணலை இழுத்துக்கொண்டு உட்கரைப் பக்கம் வருகிறது. அங்கே ஓட்டம் மெதுவானது, மணல் படிகிறது. அதனால்தான் எந்த ஆற்றங்கரைக்குப் போனாலும் ஒரு பக்கம் செங்குத்தாக அறுந்த கரை, அங்கே ஆழம். எதிர்ப்பக்கம் மெல்லச் சரிகிற மணல். பிள்ளைகள் இறங்கி விளையாடும் மணல் பக்கம் பாதுகாப்பாகத் தெரியும். நாலு எட்டு நடந்தால் திடீரென்று பள்ளம் வருவதும் இதே காரணத்தால்தான். வெளியூரில் ஆற்றில் இறங்கும்போது இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் குளித்துப் பழகிய நமக்கு ஆற்றின் அடித்தரை எப்படி இருக்கும் என்று தெரியாது.

ஒரு பக்கம் அரிந்து மறுபக்கம் படிந்தால் என்ன ஆகும்? வளைவு இன்னும் வளையும். சிறிய கோணல் பெரிய கோணலாகும். கோணல் தொடங்க ஒரு பெரிய காரணம் தேவையில்லை. விழுந்த மருதமரம் ஒன்று போதும், கரையில் ஒரு இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் இளகியிருந்தாலும் போதும். இப்படி வளைகிற ஆறுகளை உலகம் முழுக்க அளந்து பார்த்ததில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஒரு முழு வளைவின் நீளம் பெரும்பாலும் ஆற்றின் அகலத்தைப் போல 10 முதல் 14 மடங்கு. ஒழுங்கையோரச் சின்ன ஓடைக்கும் பெரிய நதிக்கும் இந்தக் கணக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது. முதன்முதலில் அறிந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

வளைவு முற்றி முற்றிக் குதிரைலாடம் போல ஆகும்போது, லாடத்தின் இரு முனைகளுக்கும் நடுவில் ஒடுங்கிய ஒரு கழுத்து மட்டும் மிஞ்சும். ஒரு வெள்ளத்தில் தண்ணீர் அந்தக் கழுத்தை அறுத்துக்கொண்டு நேரே பாய்ந்துவிடும். பழைய வளைவின் இரு வாய்களும் மணலால் அடைபட, அது தனித்த ஏரியாகும். குதிரைலாட ஏரி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். மகாவலியின் கீழ்ப்பகுதியில் ஆற்றோரமாக இருக்கும் நீர்நிலைகளை வில்லு என்கிறார்கள். ஆறு கைவிட்ட பழைய தடங்களும் அவற்றில் உண்டு. மாரியில் ஆற்று வெள்ளம் அவற்றை நிரப்பும். தண்ணீர் வடிந்த பின் முளைக்கிற புல்லுக்கு யானைகள் வரும். வெள்ளம் வராவிட்டால் அந்தப் புல்லும் இல்லை.

சரி, வளைவை நேராக வெட்டினால் என்ன குறை என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். பத்துக் கிலோமீற்றர் வளைந்து வளைந்து ஐந்து மீற்றர் இறங்கிய ஆறு, நேராக்கியபின் ஐந்து கிலோமீற்றரில் அதே ஐந்து மீற்றரை இறங்க வேண்டும். சரிவு இரண்டு மடங்கு. சரிவு கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் அரிப்பு எவ்வளவு கூடும் என்பதைப் பார்த்தோம். நேராக்கிய இடத்தில் படுக்கை ஆழமாகும், கரை சரியும். அந்த மண் எல்லாம் கீழே போய்ப் படிந்து அங்கே தடத்தை நிரப்பும். மேலூரில் வடிந்த வெள்ளம் கீழூரில் விரைவாகவும் உயரமாகவும் போய் நிற்கும்.

எந்த வெள்ளம் ஆற்றைச் செதுக்குகிறது?

2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியது நமக்கு மறக்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் நாட்டின் பல ஆறுகள் கரை மீறியதும் அப்படித்தான். இத்தகைய பெருவெள்ளங்கள்தான் ஆற்றை உருவாக்குகின்றன என்று நினைப்பது இயல்பு. கண்ணுக்கு அவைதான் தெரிகின்றன.

ஆனால் ஆற்றின் அகலத்தையும் ஆழத்தையும் பெரும்பாலும் தீர்மானிப்பது நடுத்தர வெள்ளங்கள். 1960இல் வோல்மன், மில்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எளிய கணக்காக முன்வைத்தார்கள். ஒரு பெருவெள்ளம் ஒரே நாளில் மலையளவு மண்ணைக் காவலாம், ஆனால் எப்போதோ ஒருமுறைதான் வரும். சின்ன ஓட்டம் தினமும் உண்டு, ஆனால் அது ஒன்றையும் அசைக்காது. இரண்டுக்கும் நடுவில், ஓரளவு வலுவோடு அடிக்கடி வருகிற வெள்ளத்தின் வேலையைக் கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் அதுதான் அதிகம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நாம் சொல்வதில்லையா?

தடம் விளிம்பு வரை நிரம்பி, வழிவதற்குச் சற்று முன் நிற்கும் நிலைக்குக் கரைநிறை வெள்ளம் என்று பெயர். பல ஆறுகளில் இது சராசரியாக ஒன்று முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. அதைவிடப் பெரிய வெள்ளத்துக்கு ஆறு தனக்கென்று வெட்டி வைத்திருக்கும் தடம் போதாது. அதாவது, கரை மீறுவது ஆற்றின் அன்றாட ஏற்பாட்டிலேயே உள்ள விஷயம். சில வருடத்துக்கு ஒருமுறை அது வெளியே வரத்தான் செய்யும்.

வருடம் முழுக்கத் தண்ணீர் உள்ள ஆறுகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். நம் வன்னி ஆறுகள் போல மாரியில் ஓடிக் கோடையில் காய்கிறவற்றில் பெருவெள்ளத்தின் பங்கு கூடுதல். ஒரு பெருவெள்ளம் அகட்டிவிட்ட தடத்தைச் சீர்செய்ய நடுவில் போதிய ஓட்டம் இருக்காது, காயம் நீண்டகாலம் அப்படியே கிடக்கும்.

'நூறு வருட வெள்ளம்' என்ற சொல்லையும் இங்கேயே தெளிவாக்கிவிட வேண்டும். ஏதாவது ஒரு வருடத்தில் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு சாத்தியமுள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். நூறு வருட இடைவெளி விட்டுத்தான் வரும் என்று பொருள் இல்லை. தாயக்கட்டையில் இப்போதுதான் தாயம் விழுந்தது என்பதற்காக அடுத்த உருட்டில் விழாமல் இருக்குமா? கட்டைக்கு நினைவு கிடையாது. 30 வருட வங்கிக்கடனில் ஆற்றோரம் ஒரு வீடு கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். கடன் முடிவதற்குள் அந்த வீடு ஒரு நூறு வருட வெள்ளத்தையாவது பார்ப்பதற்கான சாத்தியம் 26 சதவீதம். நாலில் ஒன்றுக்கும் சற்றுக் கூட.

கரைக்கு வெளியேயும் ஆறுதான்

கரை மீறியதும் தண்ணீர் அகலமாகப் பரவும். வேகம் சட்டென்று விழும். பாரமான மணல் கரையோரத்திலேயே இறங்கிவிடும், மென்மையான வண்டல் தூரத்தில் போய் மெல்லப் படியும். இப்படிப் பலநூறு வெள்ளங்கள் நடந்தால் கரையோரம் மேடாகும். தூரத்தில் உள்ள நிலம் தாழ்ந்து, சமமாக, களிபிடித்ததாக இருக்கும். ஆற்றின் இருபுறமும் வெள்ளமே கட்டிய இந்தத் தட்டை நிலம்தான் வெள்ளச் சமவெளி. பழைய ஆற்றங்கரை ஊர்களைக் கவனித்தால் வீடும் கோயிலும் அந்தக் கரையோர மேட்டில் இருக்கும், வயல் அதற்கு அப்பால் பள்ளத்தில் இருக்கும். முன்னோர் அளவுகோல் வைத்து அளக்கவில்லை. தண்ணீர் எங்கே நிற்கும் என்று பார்த்துக் கட்டினார்கள்.

"ஆறு ஊருக்குள் புகுந்தது" என்பதை இனி இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அந்த ஊர் நிற்கிற மண்ணை அங்கே கொண்டுவந்து போட்டது யார்?

"ஆறு கெட நாணல் இடு" என்று ஒரு பழமொழி உண்டு. நாணல் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் அடையல் படியும். படிந்த மண்ணில் மேலும் நாணல் பிடிக்கும், தடம் தூரும். ஆற்றில் மண் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நாலு சொல்லுக்குள் வைத்திருக்கிறார்கள். அதே நாணல் கரையில் இருந்தால் வேர் மண்ணைப் பிடிக்கும். இடம்தான் நன்மையையும் தீமையையும் தீர்மானிக்கிறது.

வெள்ளத்தைத் தடுக்க இருபுறமும் உயரமாக அணைக்கட்டுப் போட்டால்? சில காலம் உதவும். ஆனால் முன்பு வயலெல்லாம் பரவிப் படிந்த அடையல் இப்போது இரண்டு அணைகளுக்கு நடுவில் மட்டும் படியும். படுக்கை உயரும். அணையை உயர்த்துவார்கள். படுக்கை மறுபடி உயரும். ஒரு கட்டத்தில் ஆறு ஊரைவிட உயரத்தில் ஓடும். இமயமலையிலிருந்து ஏராளமான மண்ணோடு இறங்கி வரும் கோசி ஆறு இதற்குப் பெரிய சாட்சி. பீகார் சமவெளியில் அது சுமார் இரண்டரை நூற்றாண்டில் நூறு கிலோமீற்றருக்கும் மேல் மேற்கே நகர்ந்த ஆறு. அதை இரு அணைகளுக்குள் அடக்கி வைத்திருந்தார்கள். 2008 ஓகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசகா என்ற இடத்தில் அணை உடைந்தது. ஆறு கிழக்கே, தான் எப்போதோ விட்டுவந்த பழைய தடங்களுக்குள் இறங்கியது. 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டார்கள். மனதை மிகவும் வருத்துவது என்னவென்றால், அன்று ஆற்றில் வந்த நீர் அந்த அணைகள் தாங்கும் என்று திட்டமிட்ட அளவைவிட மிகக் குறைவு. தண்ணீரைக் கணக்கிட்டவர்கள் மண்ணுக்குப் போதிய இடம் வைக்கவில்லை.

தராசும் டிப்பரும்

ஆற்றை ஒரு தராசாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு தட்டில் தண்ணீரும் சரிவும். மறுதட்டில் அடையலின் அளவும் பருமனும். இரண்டும் சமமாக உள்ளவரை ஆற்றின் தடம் பெரிதாக மாறாது. பொறியியலாளர் லேன் 1955இல் இந்த வடிவில் எடுத்துச் சொன்ன பிறகு உலகமெங்கும் மாணவர்களுக்கு இதைத்தான் வரைந்து காட்டுகிறார்கள். அடையல் கூடினால் படுக்கை உயரும். அடையல் குறைந்தால் தண்ணீருக்கு வலு மிஞ்சும், மிஞ்சிய வலு படுக்கையையும் கரையையும் தின்னும்.

பெரிய அணை ஒன்று ஆற்றை மறித்தால் நடப்பது இரண்டாவது. தேங்கிய நீரில் மணல் எல்லாம் அடியில் தங்கிவிட, கீழே விடப்படுவது சுமையில்லாத தெளிந்த தண்ணீர். எகிப்தில் 1970இல் அஸ்வான் பேரணை கட்டி முடிந்த பிறகு நைல் கழிமுகத்துக்கு வந்துகொண்டிருந்த வண்டல் நின்றுபோனது. கடல் அந்தக் கரையைத் தின்பது வேகமெடுத்தது.

மணல் அள்ளுவதும் தராசின் அதே தட்டைத்தான் இலேசாக்குகிறது. ஆற்றுப் படுக்கையில் ஒரு குழி தோண்டினால் வெள்ளம் வந்து மூடிவிடும் என்பது உண்மை. அந்த மண் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. குழியின் மேல்விளிம்பு ஒரு சிறிய நீர்வீழ்ச்சி போல ஆகிவிடும். தண்ணீர் அங்கே வேகமெடுத்து விளிம்பை அரிக்கும். விளிம்பு பின்னுக்கு, அதாவது ஆற்றின் மேற்பக்கமாக, நகர்ந்துகொண்டே போகும். குழிக்குக் கீழ்ப்பக்கமோ மணலைக் குழியில் இறக்கிவிட்டு வந்த தண்ணீர் தன் பங்குக்கு அரிக்கும். டிப்பர் நின்ற இடத்திலிருந்து வெகுதூரத்தில் உள்ள பாலத்தின் தூண் அடி வெளியே தெரியும். படுக்கை தாழ்ந்தால் அக்கம்பக்கத்து நிலத்தடி நீரும் ஆற்றை நோக்கி வடிந்து தாழும், கிணறு வற்றும். நம் ஊர் வீடுகளுக்கும் வன்னி ஆறுகளின் மணல் வருகிறது. அதனால் இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். மணலே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆறு வருடத்துக்கு எவ்வளவு கொண்டுவருகிறது என்று அளந்து, அதற்குள் எடுக்க வேண்டும்.

அப்படியானால் யாழ்ப்பாணத்தில்?

நம்மிடம் ஏன் பெரிய ஆறு இல்லை? வருடத்துக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது, பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பருக்குள். மழை குறைவென்று சொல்ல முடியாது. நிலம் தட்டையானது என்பது ஒரு காரணம். முக்கிய காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது. குடாநாட்டின் அடியில் உள்ளது சுண்ணாம்புக்கல். மயோசீன் என்று அழைக்கப்படும், 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் கடலடியில் படிந்த கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளைக் கரைத்துக் கரைத்து அகலமாக்குகிறது. மேலே ஓட வேண்டிய தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது.

அதாவது நம் ஆறு நிலத்துக்குக் கீழே ஓடுகிறது. கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே ஊற்று வருவதும், நிலாவரைக் கிணறு அடி தெரியாமல் ஆழமாக இருப்பதும், அதன் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உப்பாகவும் இருப்பதும் இந்தக் கல்லின் வேலை. 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டமும் புதிதாக ஓர் ஆறு வெட்டுகிற திட்டம் அல்ல. கனகராயனாறு போன்றவை கொண்டுவரும் நீரை ஆனையிறவுக் கடனீரேரியில் தேக்கி நன்னீராக்கி, முள்ளியானில் ஒரு வாய்க்கால் வழியாக வடமராட்சி, உப்பாறு கடனீரேரிகளுக்குக் கொண்டுவருவது. அங்கிருந்து அது நிலத்தடிக்கு இறங்கிக் கிணறுகளை நிரப்ப வேண்டும் என்பது எண்ணம்.

வழுக்கையாறு தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் தொடங்கிக் கந்தரோடையைத் தொட்டு அராலியில் கடனீரேரியைச் சேர்கிறது. அதன் வழியில் குளங்களும் வயல்களும். மாரியில் அது கரையின்றிப் பரவுவதைப் பார்த்து, ஆழமாக நேராக வெட்டிக் கடலுக்கு விட்டுவிடலாம் என்று பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அது பரவி நிற்கிற அந்தச் சில வாரங்களில்தான் அயல் கிணறுகளுக்குத் தண்ணீர் இறங்குகிறது. நேராக வெட்டினால் வயலில் நிற்கும் வெள்ளம் குறையலாம். ஆடி, ஆவணியில் கிணற்றில் உள்ள தண்ணீரும் அதோடு சேர்ந்து குறையும்.

பெரிய ஆறு காவுகிற அளவு மணலையும் சேற்றையும் நம் வழுக்கையாறு காவுவதில்லை. ஆனாலும் இந்த நிலமும் கரைந்து, காவப்பட்டு, படிந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதபடி, தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பாக. கிணற்றில் தெளிவாக அள்ளுகிறோம். அடுப்பில் வைத்துக் கொதிக்க விடும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு தங்க இடமின்றி இறங்குகிறது. கேத்திலின் அடியில், புளி போட்டுத் தேய்த்தும் இலேசில் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைப் படைதான் நம் ஆற்றின் அடையல்.